நல்லது என்று எழுதிய மரங்கள்

காது பரிசோதனைக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவன் அன்றைக்கு ஏணி ஒருவன்தான். மரம் வெட்டுவதும் கிளை கழிப்பதும் அவன் தொழில். ஏணி வைக்காமல் எந்த மரத்திலும் ஏறிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. அவன் மனைவிக்கும் அதே கதைதான். எந்த நேரமும் கையில் நோட்டும் பென்சிலுமாக நிற்பவள் என்பதால் நோட்டக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நகராட்சி லைசென்சுக்குக் காது சர்டிபிகேட் வேண்டும். அந்த விதியைக் கொண்டுவரச் சொன்னதே நோட்டக்காதான். மூன்று வருஷம் மனுவும் கையுமாக அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறாள். இரவல் ரம்பத்தோடு வந்து, கிளையை யார் வீட்டுச் சுவர்மேலாவது போட்டுவிட்டு ஓடுகிறவர்களால் அந்தத் தொழிலின் பெயரே நாறிக்கிடந்தது. லைசென்ஸ் இல்லாதவன் மரத்தைத் தொடக்கூடாது, மரத்தைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது என்று அவள் கேட்டாள். கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மரத்தைத் தட்டிப் பாத்து சொல்றவனுக்கு மொதல்ல காது கேக்கணும், அதையும் டெஸ்ட் பண்ணுங்க" என்றாள். புருஷனுடைய காதின்மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஏணி உட்கார்ந்தான். தலையில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண் ஒரு பெட்டியின் விசைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நோட்டக்கா அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏணி அமுக்குவதை ரசித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. பாஸ் மார்க் என்ன, நூற்றுக்கு நூறே வாங்கிவிடுவான் போலிருந்தது.

அந்தப் பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். விசையைத் திருப்புவதுபோலக் கையை அசைத்துவிட்டுத் திருப்பாமல் இருந்தாள். ஏணி அமுக்கினான். திரும்பவும் சும்மா கையை அசைத்தாள். திரும்பவும் அமுக்கினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "இவர் சத்தத்துக்கு அமுக்கல. என் கையப் பாத்து அமுக்குறார்."

"அதெல்லாம் இருக்காதும்மா. பழக்கம் இல்லாததால பதட்டமா இருப்பார்."

பெண் ஒரு பைலை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் மறைப்பாக நிறுத்திவைத்தாள். அதற்குப் பின்னால் விசையைத் திருப்பினாள். நோட்டக்காவுக்கு ஒரு ஹெட்போனைக் கொடுத்து, அவளையும் கேட்கச் சொன்னாள். பீப் என்று வந்தது. ஏணி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்சம் கூட்டினாள். காதைப் பொத்தவேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே கட்டைவிரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது. ஐந்து நிமிஷம் போனது. சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆச்சரியமே இல்லை. அதைக் கண்டதும்தான் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இடது காது போயிடுச்சு. வலது கால்வாசி இருக்கு," என்றாள் பெண். "கிட்ட நின்னு சத்தமாப் பேசினா, வாயையும் பாத்தா, புரிஞ்சுக்குவார். மெஷின் ரம்பம் பிடிக்கிறவங்களுக்கு இது வர்றதுதான். வீட்டுல யாருக்குமே தெரியலையா?"

எப்படித் தெரியும்? அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். மரத்துக்கு மேலே இருப்பவனோடு கீழிருந்து பேசிப் பழகிய குடும்பம், சாப்பாட்டு மேசையிலும் அதே குரல்தான். தனக்குத்தான் வயது ஏற ஏறத் தொண்டை பெரிதாகிக்கொண்டு போகிறது என்று நோட்டக்கா பல வருஷமாக நினைத்திருந்தாள். அதற்காக வெட்கப்பட்டுக்கூட இருக்கிறாள்.

திரும்பி வரும்போது அவன் வேனை ஓட்டினான். பாதி வழியில்தான் அவளுக்குக் கொட்டாப்புளி ஞாபகம் வந்தது.

கொட்டாப்புளி என்பது மரத்தாலான சுத்தி. வெளியே பார்க்கத் திடமாக நிற்கும் மரம் உள்ளே உளுத்துப்போய்க் கூடாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள். உள்ளே வைரம் இருந்தால் 'டக்' என்று இறுக்கமான சத்தம். கூடாக இருந்தால் 'டொம்' என்று வரும். ஏணி தட்டுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், பிறகு "நல்லது" அல்லது "பழுது" என்பான். பக்கத்தில் நிற்கும் நோட்டக்கா அந்தந்தக் கட்டத்தில் குறிப்பாள். இப்படி இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கு 'நல்லது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், வீடுகள்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய கட்டை அடுக்கும் முற்றம். வந்த கையோடு நோட்டக்கா இரண்டு பெரிய அடிமரத் துண்டுகளை உருட்டி நிறுத்தினாள். ஒன்று திடமானது. இன்னொன்று உள்ளே நாயே படுத்துக்கொள்ளலாம் போலக் கூடானது. இரண்டின் தலையையும் சாக்கால் மூடிக் கட்டினாள். நோட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"தட்டுங்க," என்றாள்.

"எதுக்கு இப்ப?"

"தட்டுங்கன்னு சொன்னேன்."

ஏணி திடமான கட்டையைத் தட்டினான். அவள் வேண்டுமென்றே பென்சிலைப் பழுதுக் கட்டத்தின் பக்கம் கொண்டுபோனாள். அவன் தலையைச் சாய்த்தான், யோசித்தான். "பழுது," என்றான்.

அடுத்த கட்டையைத் தட்டினான். 'டொம்' என்று முற்றமே அதிர்ந்தது. கொட்டகைக் கூரையில் தகரம் மாற்றிக்கொண்டிருந்த ஏணியின் தம்பி, சின்னவன், அங்கிருந்தே எட்டிப் பார்த்து, "யார் அண்ணி மேளம் அடிக்கிறது, நம்ம வீட்டுல ஏதும் விசேஷமா?" என்றான். நோட்டக்காவின் பென்சில் நல்லதுக் கட்டத்தின்மேல் நின்றது.

"நல்லது," என்றான் ஏணி. "வைரம் பாய்ஞ்ச கட்டை."

அவள் நோட்டை மூடினாள். சின்னவன் கூரையிலிருந்து இறங்கி வந்துவிட்டான். கட்டையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் அவனுக்கு அப்போது ஒன்றும் வரவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் நோட்டக்கா. குரலை உயர்த்தாமல் கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே போய் நின்று, "எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

"நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷமா என் பென்சிலையா பாத்துச் சொன்னீங்க?"

"வேற எதைப் பாக்குறது? நீதான் பக்கத்துல நிக்கிற. நீ சத்தத்தைக் கேட்டுட்டுத்தானே கையை நகத்துற? உன் காது என் காதைவிட நல்ல காது. அப்புறம் நான் சொன்னா என்ன, நீ எழுதினா என்ன?"

"நான் கேக்கவே இல்லையே," என்றாள் அவள். "நீங்க சொல்லப்போறதை எழுதத் தயாரா நின்னேன். பத்துக்கு ஒன்பது நல்லதுன்னுதானே சொல்வீங்க. அதனால பென்சில் தானா அங்க போய் நிக்கும். சத்தத்தை யாரு கவனிச்சா? அது உங்க வேலைன்னு இருந்தேன்."

கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. அவன் அவளைக் கேட்டான், அவள் அவனைக் கேட்டாள், மரத்தை ஒருவரும் கேட்கவில்லை. காளான் பிடித்தது, வெடிப்பு விட்டது, சாய்ந்து நிற்பது எதுவும் ஏணியின் கண்ணுக்குத் தப்பாது. அவன் பழுது என்று சொன்னவை எல்லாம் கண்ணால் கண்டு சொன்னவை. வெளியே மினுமினுப்பாக நின்று உள்ளே செத்துக்கொண்டிருக்கும் மரம் எதுவானாலும் அவர்கள் நோட்டில் நல்லதுதான்.

நோட்டக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? நீங்க பொண்டாட்டிகிட்ட மறைக்கிற லட்சணம் இதுதானா?"

ஏணி கட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "காது கேக்காத மரக்காரனை யாரு கூப்பிடுவா? நீ ஊர் முழுக்க என் காதைப் பத்திப் பேசிட்டு இருந்த. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசின. எனக்கு எங்க இருந்து வாய் வரும்?"

அவளுக்குக் கோபம் இருந்தது, அதைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சின்னவன்தான் முதலில் தேறினான். லைசென்ஸ் விண்ணப்பம் கொடுக்க மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. விதியில் 'நிறுவனத்தில் ஒருவருக்கு' என்றுதான் காது கேட்கச் சொல்லியிருந்தது. "எனக்குக் காது கேக்குது அண்ணி. நான் போய் உக்காந்து அமுக்கிட்டு வரேன். அதுல பொய்யே இல்ல. லைசென்ஸ் வரட்டும். அப்புறம் நாம மூணு பேரும் சத்தமில்லாம ஒவ்வொரு மரமா மறுபடி பாத்துடலாம்."

நல்ல யோசனைதான். ஒரே ஒரு முள் அதில் இருந்தது. குறைந்தது இருநூறு மரம் பார்த்துச் சான்று கொடுத்த பட்டியல் இருந்தால்தான் லைசென்ஸ். இல்லையென்றால் வேறொரு லைசென்ஸ்காரனிடம் இரண்டு வருஷம் கூலிக்கு நிற்க வேண்டும். அவர்களிடம் இருந்தது ஒரே பட்டியல். அது யாரும் கேட்காத இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களின் பட்டியல்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னவன் காதுக் கூண்டுக்குப் போனான். நோட்டக்கா கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே வாசலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம், பாதி மைதானத்துக்கு நிழல் தரும் மரம். போன வருஷம் அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பித்தான் அதன் அடியில் வட்டமாக சிமெண்ட் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கட்டடத்தில் பழுதுவேலை நடந்ததால் இரண்டு வகுப்புகள் அங்கேயே உட்கார்ந்திருந்தன. அறுபது தலைகளாவது இருக்கும்.

வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் கொட்டாப்புளியைத் தன் கையால் மரத்தில் வைத்தாள். டொம். இரண்டடி தள்ளித் தட்டினாள். டொம். அடுத்த பக்கம் போனாள். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தை தானும் மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தது. இந்தச் சத்தம் போன வருஷமும் இங்கேதான் இருந்திருக்கும். அவள் காதுக்குள் போயிருக்கும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு எதை நினைத்துக்கொண்டு நின்றாளோ.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதும் கேட்டார். பிறகு மேசையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார்.

"இது போன வருஷம் நீங்க குடுத்தது. 'நல்லது'ன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா டீச்சர். அது தப்பு. இப்பத்தான் தட்டிப் பாத்தேன், உள்ள ஒண்ணுமே இல்ல. பிள்ளைங்கள உடனே எழுப்பிடுங்க."

"இது நகராட்சி சர்க்குலர். இந்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து லைசென்ஸ் உள்ளவங்க சொன்னாத்தான் மரத்தைப் பத்தி நான் நடவடிக்கை எடுக்கணும். மத்தவங்க பேச்சைக் கேட்டு வகுப்பை மாத்தினா, என்கிட்ட விளக்கம் கேப்பாங்க. உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நேத்து வரைக்கும் நல்லா இருந்த மரம்னு நீங்களே எழுதிக் குடுத்ததை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. பரீட்சை நேரம். அறுபது பிள்ளைங்கள எங்க கொண்டுபோய் வைப்பேன்? லைசென்ஸோட வாங்க. அடுத்த நிமிஷம் எழுப்பிடுறேன்."

சர்க்குலரில் அந்த வரிக்கு அடியில் தலைமையாசிரியை கோடு போட்டிருந்தார். நோட்டக்கா அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டியதே இல்லை, அவளுடைய மனுவில் இருந்து ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மேகம்கூட இல்லாமல் காற்றே அடிக்காமல் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். கை கூப்பிக் கேட்டுக்கொண்டதில், மரத்தை ஒட்டிய பெஞ்சுகளில் இருந்த பிள்ளைகளை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தார். எந்தக் கிளை விழுந்தாலும் தப்ப முடியாத தூரம் அது.

மத்தியானம் நகராட்சி அலுவலகத்தில் அவள் கைப்பையில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று அழகாக டைப் அடித்தது. இன்னொன்று அதே பட்டியலின் நகல், ஒவ்வொரு 'நல்லது'வையும் குறுக்கே கோடு போட்டு அடித்து, கீழே 'இந்த மரங்கள் சரியாகப் பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. எதைக் கொடுப்பது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாததால்தான் இரண்டும் வந்திருந்தன.

லைசென்ஸ் பிரிவு குமாஸ்தாவை எல்லாரும் சீல் சார் என்பார்கள். ரப்பர் முத்திரை அவருடைய சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. மூன்று வருஷமாக நடையாய் நடந்ததில் நோட்டக்காமேல் அவருக்கு ஒரு மரியாதை.

"வாங்கம்மா. முதல் லைசென்ஸ் உங்களுக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பர் ஒண்ணு." சின்னவனின் காது சர்டிபிகேட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "பட்டியலைக் குடுங்க, போட்டுடலாம்."

அவள் பள்ளிக்கூடத்து மரத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"அட, அதுக்கா முகம் இப்படி இருக்கு? பட்டியலைக் குடுங்க, இப்பவே லைசென்ஸ் வாங்கிக்குங்க, காலையில போய் அந்த மரத்தைப் பழுதுன்னு எழுதிக் குடுங்க. உங்க வார்த்தைக்கு மேல வார்த்தை கிடையாது."

"மத்த மரங்களும் சந்தேகம்னா? சந்தேகம்னு எழுதியே பட்டியல் குடுத்தா?"

சீல் சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப லைசென்ஸ் கிடையாதும்மா. லைசென்ஸ் இல்லாதவங்க மரத்தைப் பத்திக் குடுக்கிற காகிதத்துக்கு நான் பதிவு நம்பர் போட முடியாது. நீங்க கேட்ட விதிதான். அது தட்டுல கிடக்கும், யாரும் படிக்க மாட்டாங்க."

மரங்கள் நல்லது என்று பொய் சொன்னால் அது அரசாங்கப் பதிவு. தெரியாது என்று உண்மையைச் சொன்னால் அது குப்பை. இதற்காகவா மூன்று வருஷம் செருப்புத் தேய்ந்தது?

கை டைப் அடித்த பட்டியல் பக்கம்தான் போனது. பொய் சொல்வானேன், போகத்தான் போனது. லைசென்ஸ் வந்தால் காலையில் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றலாம். ஒரு நாளைக்குப் பத்து மரம் என்று வைத்தாலும் மூன்று வாரத்தில் மற்றதையும் பார்த்துவிடலாம். புருஷனின் மானமும் போகாது, அடுப்பும் எரியும். பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தேவிட்டாள்.

சீல் சார் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே, நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னார். "உங்க பட்டியலுக்காகத்தான் மேல காத்துட்டு இருக்காங்க. திங்கக்கிழமை இந்த மரத்துக்கெல்லாம் பச்சைத் தகடு. தகடு போட்டா மூணு வருஷத்துக்கு யாரும் மறுபடி பாக்க வேண்டியதில்ல. அன்னிக்கே எல்லா மரத்தடியிலயும் பெஞ்சு போட ஆர்டர் ஆயிடுச்சு. நிழல் திட்டம். இருநூத்திப் பன்னிரண்டு இடத்துல ஜனங்க நிம்மதியா உக்காருவாங்க, எல்லாம் உங்க புண்ணியம்."

முத்திரை இறங்குவதற்குள் அவள் காகிதத்தை வெடுக்கென்று இழுத்தாள். மேசை மரத்தில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. சீல் சார் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அடித்துத் திருத்திய மற்ற பட்டியலை அதே இடத்தில் வைத்தாள். "இதை வாங்கிக்குங்க," என்றாள்.

"அம்மா, யோசிச்சுத்தான் பண்றீங்களா? தொழில் போயிடும்."

"தெரியும் சார். பெஞ்சு மட்டும் போட விட்டுடாதீங்க."

அவர் அந்தக் காகிதத்துக்கு நம்பர் போடவில்லை. தட்டில் வைத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். வெளியே வேனில் காத்திருந்த ஏணி அவள் முகத்தைப் பார்த்தான். வேனைக் கிளப்பும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் வேன் உள்ளே போனது. கிளை கழிக்க வந்திருக்கிறோம் என்றதும் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். ஒரு வகையில் அது பொய் இல்லை. எல்லாக் கிளையையும் கழித்தார்கள்.

ஏணி ஏறுவதை அன்றைக்கு நோட்டக்கா வேறு கண்ணால் பார்த்தாள். கீழிருந்து அவள் கை காட்டுவாள், அவன் பார்ப்பான், கயிறு கட்டுவான், ரம்பத்தை வைப்பான். ஒருதடவை அவளை அறியாமலே "பாத்துங்க" என்று கத்தினாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். மூன்று மணி நேரத்தில் மரம் மொட்டையாக நின்றது. கடைசியில் அடிமரத்துக்கு ரம்பம் போனபோது, அது மரத்துக்குள் போவதுபோலவே இல்லை. வெண்ணெயில் போவதுபோலப் போனது. சின்னவன் கயிற்றை இழுத்தான். அடிமரம் பெஞ்சுகளின்மேல் விழுந்து இரண்டை நொறுக்கியது.

உள்ளே கருப்பாகத் தூள் கொட்டியது. கொட்டி முடிந்ததும் பார்த்தார்கள். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு வெற்றிடம். சுற்றியிருந்த மரம் ஒரு பக்கம் நாலு விரல் கனம். பெஞ்சுகள் இருந்த பக்கம் இரண்டு விரல்தான். ஏணி தன் கையை அதில் வைத்து அளந்தான், மறுபடி அளந்தான். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. நோட்டக்கா பக்கத்தில் போய் நின்றாள். அவன்மேல் இருந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் தோளில் கையை வைத்தாள்.

காவலாளி போன் பண்ணியிருக்க வேண்டும். தலைமையாசிரியையும் சீல் சாரும் பத்து நிமிஷ இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள். தலைமையாசிரியை ஏதோ சத்தம் போட வாயெடுத்துக்கொண்டே வந்தவர், மரத்துக்குள் பார்த்ததும் நின்றார். நொறுங்கிக் கிடந்த பெஞ்சை ஒருதடவை பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "மூணாங் கிளாஸ் பிள்ளைங்க," என்றார்.

சீல் சார் கடமையில் குறை வைக்கவில்லை. குற்றச்சீட்டை எழுதினார். லைசென்ஸ் இன்றி மரம் வெட்டியது, நிறுவனம் ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கத் தடை. நோட்டக்கா நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அவளே கேட்டு வாங்கிய விதியில் முதல் குற்றவாளி அவள்தான். சின்னவனுக்கு அதற்கு ஒரு கேலி தோன்றியிருக்க வேண்டும், ஆனால் விழுங்கிவிட்டான்.

சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு சீல் சார் மரத்துக்குப் பக்கத்தில் போனார். உள்ளே கையை விட்டார். கை தோள்பட்டை வரைக்கும் போனது. வெளியே எடுத்து, விரலில் ஒட்டியிருந்த கருப்புத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோட்டக்கா," என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "போன வருஷம் எங்க குவார்ட்டர்ஸ்ல வந்து மரம் பாத்தீங்களே. பின்பக்கம், ஏழாம் நம்பர் வீட்டுக்கு நேரா ஒரு பெரிய மரம். அதுக்கு என்ன எழுதினீங்க?"

அவளுக்கு நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லதுன்னுதான் சார்."

"தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டினோம். கேக்கல."

"அதுலதான் என் பொண்ணுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கேன்," என்றார் சீல் சார். "நல்லதுன்னு எழுதியிருந்ததாலதான் கட்டினேன். இன்னிக்கு லீவு. காலையில இருந்து அதுலதான் ஆடிட்டு இருக்கா."

சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார். முதல்தடவை தவறாக அமுக்கினார். இரண்டாம்தடவை மணி போனது. காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். அடித்துக்கொண்டே இருந்தது. "எடு," என்றார். "எடும்மா, எடு." குற்றச்சீட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவித் தூளில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஏணிக்கு இதில் ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் எழுந்து நின்று சீல் சாரின் முகத்தைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் ரம்பத்தையும் கயிற்றையும் அள்ளி வேனில் போட்டான், கொட்டாப்புளியைக் கொண்டுவந்து நோட்டக்காவின் கையில் கொடுத்தான், ஓடிப் போய் வேனைக் கிளப்பினான்.